விடுதலையும் விலாசமும்

குற்றம் இழைத்தவனுக்குத் தண்டனை விதிப்பதோடு நீதியின் அலுவல் முடிந்துவிட்டதென்று கருதுவோர் பலர். தண்டனைக் காலம் கழிந்து சிறைக்கதவு திறக்கும் நாளில் அவன் எங்கே செல்கிறான், எவர் வீட்டில் உண்கிறான், மறுநாள் எந்த வேலைக்குப் போகிறான் என்னும் கேள்விகளை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஆயினும், அவன் மீண்டும் சிறைக்குத் திரும்புவானா, அன்றி ஊரில் ஒருவனாக வாழ்வானா என்பது இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளையே பெரிதும் பொறுத்திருக்கிறது.

தமிழ் மக்கள் நன்கறிந்த வரலாறு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908-இல் தண்டனை பெற்றுக் கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். பின்னர் மலையாளக் கரையிலுள்ள கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பெற்று, 1912-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கிருந்து விடுதலையானார். வெளியே வந்தபோது அவர் கண்ட சுதேசிக் கப்பல் கம்பெனி இல்லை. வழக்கறிஞர் சன்னதும் இல்லை. பல ஆண்டுகள் வறுமையோடு போராடினார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி முன்வந்து உதவியதால் பிற்காலத்தில் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாது தம் புதல்வருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் அப்பெரியார். நாட்டுக்காகச் சிறை புகுந்த, படிப்பும் புகழும் வாய்ந்த ஒருவருக்கே விடுதலைக்குப் பிந்திய வாழ்வு இவ்வளவு கடினமாயிருந்ததென்றால், ஒரு கைகலப்பிலோ திருட்டிலோ சிக்கிச் சிறை சென்ற ஏழைத் தொழிலாளியின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

அத்தகையோருக்கு நம் அரசாங்கங்கள் எவ்வகையான ஆலோசனையும் உதவியும் அளிக்கின்றன என்பதை, பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்க விரும்புகிறோம். பம்பாயிலோ தில்லியிலோ பெங்களூரிலோ வாழும் தமிழன்பர்கள் இது எங்கோ ஒரு மூலையின் செய்தி என்று எண்ண வேண்டியதில்லை. சொந்த மாநிலத்துக்கு வெளியே பிழைப்பவர்களுக்குள்ள சிக்கல் எங்கும் ஒன்றே. எல்லைப்புறத்தில் அது தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவே.

எல்லை எனும் கோடு

வாளையாறு, கோபாலபுரம், கோவிந்தாபுரம் ஆகிய வழிகளில் கோவை மாவட்டமும் பாலக்காடும் கலக்கின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளில் தேனி மாவட்டமும் இடுக்கியும் கலக்கின்றன. சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலும், மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களிலும், உடும்பன்சோலையின் ஏலத்தோட்டங்களிலும் தமிழ் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அக்காள் வீடு கம்பத்தில் இருக்கும். தம்பிக்கு வண்டன்மேட்டில் வேலை இருக்கும். காலையில் ஜீப்பில் மலையேறி மாலையில் இறங்குவோரும் பலர். உறவுக்கும் கூலிக்கும் அங்கே எல்லை என்பது பேரளவில்தான்.

ஆனால் சட்டத்துக்கு அக்கோடு மெய்யானது. நமது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி சிறைகள் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. கேரளத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் கேரளத்துச் சிறையில்தான் வைக்கப்படுவார். பாலக்காட்டுக் கோட்டைக்குள் நெடுங்காலம் சிறை ஒன்று இயங்கிவந்தது; பின்னர் மலம்புழையில் மாவட்டச் சிறை அமைந்தது. இடுக்கியில் முட்டம் என்னுமிடத்தில் மாவட்டச் சிறையும், தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் கிளைச் சிறைகளும் உள்ளன. நெடுந்தண்டனை பெற்றோர் திருச்சூரை அடுத்த விய்யூர் போன்ற மத்தியச் சிறைகளுக்கு அனுப்பப்படுகின்றனர். உத்தமபாளையத்திலிருந்து ஒரு தாய் தன் மகனைக் காண விய்யூர் வரை செல்வதாயின் ஒரு நாள் கூலியும் வழிச்செலவும் போய்விடும். பார்க்க வருவோர் குறைகின்றனர்; கடிதம் குறைகிறது; விடுதலை நாள் வரும்போது அழைத்துச் செல்ல ஆளில்லாமற் போகிறது.

ஆலோசனையின் வரலாறு

சிறை மாநிலப் பொருளாதலின், மத்திய அரசாங்கம் இத்துறையில் பெரும்பாலும் ஆலோசனை கூறும் நிலையிலேயே இருந்துவருகிறது. அவ்வாலோசனையின் வரலாறு நீண்டது. 1919-20-இல் சர் அலெக்ஸாண்டர் கார்டியூ தலைமையில் அமைந்த இந்தியச் சிறைக் குழு, தண்டித்தல் மட்டுமன்றித் திருத்துதலும் சிறையின் நோக்கமென்று வற்புறுத்தியது. விடுதலையாவோருக்கு உதவும் சங்கங்கள் பெருகவேண்டுமென்றும் கூறியது. பாலக்காடு அந்நாளில் மலபார் ஜில்லாவின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆகவே 1936-ஆம் ஆண்டின் சென்னை நன்னடத்தைச் சட்டம் அங்கும் செல்லுபடியாயிற்று. இந்தியாவில் இவ்வகையில் முதலில் தோன்றிய சட்டங்களுள் அது ஒன்று. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தன. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இவ்விரு பகுதிகளும் கேரளத்தில் ஒன்றுசேர்ந்தன. இடுக்கி தனி மாவட்டமானது 1972-இல்.

சுதந்திரத்துக்குப் பின், 1954-இல், மத்திய சமூகநல வாரியம் பின்காப்புப் பணிகளுக்கான ஆலோசனைக் குழு ஒன்றைப் பேராசிரியர் எம். எஸ். கோரே தலைமையில் அமைத்தது. அவ்வாரியத்தின் தலைவர் துர்காபாய் தேஷ்முக், உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை வாழ்வை நேரில் அறிந்தவர். சிறையிலிருந்தும் சீர்திருத்தப் பள்ளிகளிலிருந்தும் பிற காப்பகங்களிலிருந்தும் வெளிவருவோர்க்குத் தங்குமிடமும் தொழிலும் தேடித் தருவது சமுதாயத்தின் பொறுப்பு என்பதை இக்குழு நாட்டின் முன் வைத்தது. பின்னர் 1980 முதல் 1983 வரை நீதிபதி முல்லா தலைமையில் இயங்கிய குழுவும் இதே செய்தியை விரிவாக வற்புறுத்திற்று. 2016-இல் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைக் கையேட்டில் பின்காப்புக்கும் மறுவாழ்வுக்கும் தனி அத்தியாயமே உண்டு. 2023-இல் மாதிரிச் சட்டம் ஒன்றும் மாநிலங்களின் பார்வைக்கு அனுப்பப்பட்டது.

உலக அரங்கிலும் இதே கருத்து வேரூன்றியுள்ளது. ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்று, நெல்சன் மண்டேலாவின் பெயரைச் சூட்டிய விதிகள், ஒருவரின் தண்டனை தொடங்கும் நாளிலிருந்தே அவரது விடுதலைக்குப் பிந்திய வாழ்வைச் சிந்திக்க வேண்டுமென்கின்றன. வெளிவருவோர்க்கு அடையாளப் பத்திரங்கள், தங்க வீடு, செய்ய வேலை, உடுக்கத் தக்க உடை, ஊர்போய்ச் சேர வழிச்செலவு ஆகியவை கிடைக்க வழி செய்ய வேண்டுமென்றும் கூறுகின்றன. கூர்ந்து நோக்கினால் இவை யாவும் ஒரு சாதாரண மனிதன் நாள்தோறும் எண்ணிப் பாராமலே அனுபவிக்கும் பொருள்கள்தாம்.

நன்னடத்தை அதிகாரி

இவ்வாலோசனைகளை மனிதரிடம் கொண்டுசேர்ப்பவர் நன்னடத்தை அதிகாரி. மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு இச்சொல்லே சிந்தனைக்குரியதாகிறது. புரொபேஷன் என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருள் சோதித்துப் பார்த்தல் என்பது. தமிழர் அதனை நன்னடத்தை என்றனர். மலையாளத்தார் நல்லநடப்பு என்கின்றனர். சோதனை என்பது பிறர் செய்வது. நடத்தை என்பது தானே காட்டுவது. நம் மொழிகள் பொறுப்பை உரியவரிடமே ஒப்படைத்துவிட்டன.

1958-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமாக இயற்றப்பெற்ற குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இவ்வதிகாரியின் கடமைகளைக் கூறுகிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பச் சூழ்நிலையை விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தல், நன்னடத்தையில் விடப்பட்டவரை மேற்பார்வையிடுதல், தேவைப்படின் தக்க வேலை தேட முயலுதல், அவர் கட்டவேண்டிய நஷ்டஈட்டைச் செலுத்த வழிகாட்டுதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. நஷ்டஈடு என்னும் சொல்லை நாம் வேண்டுமென்றே குறிப்பிடுகிறோம். குற்றத்தால் துன்புற்றவரை மறந்துவிட்டுக் குற்றவாளிக்கு இரங்குவது இச்சட்டத்தின் நோக்கமன்று. இழப்பை ஈடுசெய்வதும் திருந்துவதன் ஒரு பகுதியே.

இருபத்தோரு வயது நிரம்பாதவர் ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றம் செய்திருப்பின், அவரைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிமன்றம் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பெற்று ஆராய வேண்டும். சிறைத் தண்டனையே தருவதாயின் அதற்குக் காரணம் எழுத வேண்டும். நன்னடத்தையில் விடப்பட்டவர்க்குத் தண்டனைத் தீர்ப்பினால் வரும் சட்டப்படியான தகுதியிழப்பு நேராது என்பதும் இச்சட்டத்தின் அரிய விதிகளுள் ஒன்று. எனினும் ஒருவரது நடத்தையை ஆராயும் உரிமை வேலை கொடுப்போர்க்கு உண்டு என்பதையும் மறத்தலாகாது.

கேரளத்தில் மாவட்டந்தோறும் உள்ள நன்னடத்தை அலுவலகம் சமூகநீதித் துறையின்கீழ் இயங்குகிறது. தமிழ்நாட்டில் இது சிறைத் துறையின் ஒரு பிரிவாக உள்ளது. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் அலைவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். தவறான வாயிலில் நின்று ஒரு வாரத்தை இழக்க நேராது. கேரளத்துச் சமூகநீதித் துறை நேர்வழி என்னும் பெயரால் நன்னடத்தை, மறுவாழ்வுப் பணிகளை நடத்துகிறது. சிறையிலிருந்து வெளிவந்தோர் சுயதொழில் தொடங்க உதவித்தொகையும், சிறையில் இருப்போரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் அத்துறையின் திட்டங்களுள் அடங்கும்.

தொழிற்பயிற்சி சிறைக்குள்ளேயே தொடங்குகிறது. 1962-இல் திருவனந்தபுரத்துக்கு அருகே நெட்டுகால்தேரியில் அமைந்த திறந்தவெளிச் சிறையில் ரப்பர்த் தோட்டம் உண்டு. பால் வெட்டப் பழகியவருக்கு மலைநாட்டில் எங்கும் வேலை கிடைக்கும். மத்தியச் சிறைகளில் சப்பாத்தியும் பிற உணவும் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்கும் முறையும் கேரளத்தில் புகழ்பெற்றுள்ளது. கைத்தொழில் கற்றவர் வெளியே வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை.

விலாசம் என்னும் சிக்கல்

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் உதவி உரியவரிடம் சென்று சேராமைக்குக் காரணம் யாது? நாம் ஆராய்ந்தவரையில் முதற் காரணம் விலாசமே.

தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் குடியிருப்பு லயம். தொழிலாளிக்கு வீடு தரவேண்டுமென்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அது பெரும் நன்மையே. ஆயின் வீடு வேலையோடு பிணைந்திருப்பதால், வேலை போனால் வீடும் போகும். குடும்பத்தில் வேறொருவர் பெயர் பதிவில் இல்லையெனின், ஆடவன் சிறை சென்ற சில மாதங்களில் மனைவியும் மக்களும் லயத்தைக் காலிசெய்து மலையிறங்க நேரலாம். விடுதலையாகி வருபவர் தம் பழைய விலாசத்தில் அந்நியர் குடியிருக்கக் காண்பார். விலாசமில்லாதவருக்கு ஜாமீன்தாரர் கிடைப்பதில்லை, கடனுதவி கிடைப்பதில்லை. சிறையிலிருந்து விடுப்பில் வர விண்ணப்பித்தாலும் காவல்துறையும் நன்னடத்தை அதிகாரியும் விசாரித்து அறிக்கை தர ஒரு வீடு வேண்டுமல்லவா?

இச்சிக்கலை உச்சநீதிமன்றத்தில் உரக்க எடுத்துரைத்தவர் பாலக்காட்டைச் சேர்ந்தவரே. 1915 நவம்பர் 15-ஆம் நாள் பாலக்காட்டையடுத்த வைத்தியநாதபுரத்தில் பிறந்த வி. ஆர். கிருஷ்ணய்யர், வழக்கறிஞராயிருந்தபோது 1948-இல் தாமும் ஒரு மாத காலம் சிறையில் இருந்தவர். 1957-இல் அமைந்த கேரள அமைச்சரவையில் சட்டம், சிறை, சமூகநலம் முதலிய பொறுப்புகளை ஏற்றார். 1973 முதல் 1980 வரை உச்சநீதிமன்ற நீதிபதியாயிருந்தார். 1978-இல் மோத்திராம் என்னும் கொத்தனாரின் வழக்கு அவர் முன் வந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்கப்பட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று கீழ்நீதிமன்றம் மறுத்துவிட்டது. இதனைக் கண்டித்த நீதிபதி, தமிழரோ மலையாளியோ கன்னடியரோ வடநாட்டின் ஒரு மூலையில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்னும் பொருள்படக் கேட்டார். வேறு மாவட்டத்தார் என்பதற்காக ஜாமீனை மறுக்கலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். வெளிமாநிலங்களில் வாழும் ஒவ்வொரு தமிழரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது. அப்பெருமகனார் 2014-இல் மறைந்தார். அவர் பிறந்த நவம்பர் 15-ஆம் நாளைக் கேரளம் நன்னடத்தை நாளாகக் கொண்டாடிவருகிறது.

1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விலாசம் பற்றிய விதி உண்டு. ஒருவரை நன்னடத்தையில் விடுமுன், அவருக்கோ அவருடைய ஜாமீன்தாரருக்கோ நிலையான இருப்பிடமோ முறையான தொழிலோ உண்டென்று நீதிமன்றம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்த இருப்பிடம் அந்நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கலாம்; அல்லது அவர் இனி வாழப்போகும் ஊரில் இருக்கலாம் என்றும் சட்டம் கூறுகிறது. இரண்டாவது வாய்ப்பைப் பலர் அறியார். தேவிகுளத்தில் வழக்கு நடந்தாலும், போடியில் உள்ள அண்ணன் வீட்டில் தங்குவார் என்று காட்ட இடமுண்டு. பின்னர் வேறூர் செல்ல நேர்ந்தால், நீதிமன்றத்திடம் அனுமதி பெற்று நிபந்தனையை மாற்றிக்கொள்ளலாம். வாழும் மாவட்டத்தின் வேறொரு நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வைக்கும் மாறலாம். ஆனால் எவரிடமும் சொல்லாமல் கூலி தேடிக் கம்பம்மெட்டைக் கடந்துவிட்டால், அது நிபந்தனையை மீறியதாகும், பிடியாணை பிறக்கும், பழைய குற்றத்துக்கே தண்டனை கிடைக்கவும் கூடும். பிழைப்புக்காக நடந்த நடை தப்பியோட்டமாகக் கருதப்படும் விபரீதம் இவ்வாறே நேர்கிறது.

மொழியின் தடை

இரண்டாவது தடை மொழி. தமிழைப் பேச்சால் மட்டுமே அறிந்த தொழிலாளியிடம் மலையாளத்தில் எழுதிய நிபந்தனைத் தாளை நீட்டினால், அவர் கைந்நாட்டு வைப்பார்; பொருள் அறியார். இதற்கும் பரிகாரம் உண்டு. அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவின்படி, ஒருவர் தம் குறையை மத்தியிலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எழுதிக் கொடுக்கலாம். மேலும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாமென்றும், விடையும் அம்மொழியிலேயே தரப்பட வேண்டுமென்றும் கூறுகிறது. தமிழில் விண்ணப்பம் எழுதுவது சலுகையன்று, உரிமை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதத் தெரியாதவர்களுக்காக அவ்வுரிமையைப் பயன்படுத்துதல் வேண்டும்.

செய்யத்தக்கவை

உறவினர் எவரேனும் வெளிமாநிலச் சிறையில் இருப்பின் செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, சட்ட உதவி. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் உள்ள எவரும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி பெறலாம். மாவட்ட ஆணைக்குழுவிலும் வட்டக் குழுவிலும் கேட்கலாம். 15100 என்னும் தொலைபேசி எண் நாடு முழுவதற்கும் பொது.

இரண்டாவது, சிறை மாற்றம். 1950-ஆம் ஆண்டின் கைதிகள் மாற்றுச் சட்டப்படி, இரு மாநில அரசாங்கங்களும் இசைந்தால், தண்டனை பெற்றவரை ஒரு மாநிலச் சிறையிலிருந்து மற்றொரு மாநிலச் சிறைக்கு மாற்றலாம். விய்யூரில் இருப்பவர் மதுரைக்கோ கோயமுத்தூருக்கோ வர விண்ணப்பிக்கலாம். நெடுந்தண்டனை பெற்றவர்க்கு இது மிகவும் பயன்படும். குடும்பத்தோடு தொடர்பு அறாமல் இருப்பதே சிறந்த பின்காப்பு.

மூன்றாவது, பணம். அபராதம் கட்ட இயலாமையால் மட்டும் சிறையில் தங்குவோர் உண்டு. ஜாமீன் உத்தரவு கிடைத்தும் தொகை இல்லாமல் தங்குவோரும் உண்டு. இவர்களுக்காக மத்திய அரசாங்கம் 2023-இல் ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தை வகுத்தது. அப்போது வெளியிட்ட நெறிமுறைப்படி, அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையிலும் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரையிலும் மாவட்டக் குழுவின் மூலம் உதவி பெற வழியுண்டு. பெருங்குற்றங்கள் சில இதில் அடங்கா. சிறை அதிகாரியிடமோ சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ விசாரித்தல் நன்று.

நான்காவதும் முதன்மையானதும், நன்னடத்தை அதிகாரிக்கு எழுதுதல். விடுதலைக்குப் பின் அலைந்து தேடுவதைக் காட்டிலும், விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன்பே எழுதுதல் மேலானது. சிறையிலுள்ள நலன் அதிகாரி வாயிலாகவும் இதைச் செய்யலாம்.

இங்கே தமிழ்ச் சங்கங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் பெரும் வாய்ப்பு இருக்கிறது. பொங்கல் விழாவும் இலக்கியக் கூட்டமும் நடத்தும் சங்கம், ஆண்டுக்கு ஒருவருக்கேனும் வேலை தேடித் தரவும், அவர் பொருட்டு அலுவலகத்தில் ஒரு சொல் சொல்லவும் முன்வருமாயின், அதுவே மொழிக்குச் செய்யும் தொண்டுமாகும். கடை வைத்திருப்போரும் சிறு தொழில் நடத்துவோரும் அஞ்சுவது இயல்பே. ஆனால் பின்னணி தெரியாத புதியவரைக் காட்டிலும், நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வையில் உள்ளவரைப் பற்றி அறிந்துகொள்ள ஓர் அலுவலகமும் கேட்க ஒரு பொறுப்பாளரும் உண்டு என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விடுதலைத் தேதி திடீரென வருவதன்று. பெரும்பாலும் முன்னரே கணக்கிட்டு அறியக்கூடியது. அத்தேதிக்கு முன் குடும்பத்தாரிடமிருந்தோ நண்பரிடமிருந்தோ ஒரு கடிதம் சிறைக்கும், அதன் பிரதி நன்னடத்தை அலுவலகத்துக்கும் போய்ச் சேருமாயின், இதுவரை நாம் விவரித்த ஏற்பாடுகள் அனைத்தும் இயங்கத் தொடங்கும். அக்கடிதத்தில் எழுதவேண்டியது அதிகமில்லை. இவ்வீட்டில் இவருக்கு இடமுண்டு என்னும் ஒரு வரியும், அதன்கீழ் முழு விலாசமும் போதும்.